காந்தத்துக்கு ஓடும் கார்பன் பொடியை நைலானில் கலக்கலாமா?

பெங்களூரு பீன்யாவில் சொந்தமாக இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் கண்ட்ரோலருக்கு மேல்மூடி செய்து தருகிறார். 30% கண்ணாடி இழை சேர்ந்த நைலான் 6, உள்பக்கம் மின்கடத்தும் பெயின்ட். அந்தப் பெயின்ட் செலவைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர் நெருக்குகிறார். இந்த நேரம் பார்த்து ஒரு வியாபாரி வந்து, காந்தத் தன்மையுள்ள கார்பன் நானோ பொடி என்று ஒன்றைக் காட்டியிருக்கிறார். 1% போட்டால் போதுமாம், பலம் இரண்டு மடங்காகுமாம், மின்காந்த இரைச்சலும் வெளியே வராதாம், பெயின்டே வேண்டாமாம். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கறுப்புப் பொடி, வெளியே ஒரு காந்தம். காந்தம் போகும் பக்கமெல்லாம் பொடியும் ஓடியிருக்கிறது. “சார், இது உண்மையா? என் மெஷினிலேயே ஓட்டலாமா? முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?” என்பது கேள்வி.

பாட்டிலில் பொடி ஓடியது உண்மையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பொடி உண்டு, செய்வதும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் நீங்கள் நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் மூடிக்குள் போனபிறகு அந்தக் காந்தத்துக்கு அங்கே என்ன வேலை என்பதை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலத்தைக் கூட்டுவதில் அதற்கு வேலையே இல்லை. இரைச்சலைத் தடுப்பதில் கொஞ்சம் உண்டு, ஆனால் உங்களுக்குத் தேவையான அலைவரிசையில் அநேகமாக இல்லை. கார்பனுக்கு வேலை உண்டு, அது தனிக் கதை. நான் பாலிமர் படித்துவிட்டு பொம்மசந்திரா பக்கம் ஒரு காம்பவுண்டிங் ஆலையின் லேபில் பல வருடமாக இருக்கிறேன். பிளாஸ்டிக், நிரப்பி, எக்ஸ்ட்ரூடர் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கண்ட்ரோலர் சர்க்யூட் பற்றி நான் சொல்வதை உங்கள் வாடிக்கையாளரின் எலக்ட்ரானிக்ஸ் ஆளிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொடி. கார்பன் தானாகக் காந்தத்தில் ஒட்டாது. லேசாக விலகத்தான் செய்யும். 1991-இல் இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே பேச ஆரம்பித்த கார்பன் நானோ குழாயும், 2004-இல் மான்செஸ்டரில் பிரித்தெடுத்த கிராஃபீனும் இதில் ஒன்றுதான். ஒட்ட வேண்டுமானால் மேலே இரும்பு ஆக்ஸைடைப் படியவிட வேண்டும். ஃபெர்ரிக் உப்பு இரண்டு பங்கு, ஃபெர்ரஸ் உப்பு ஒரு பங்கு, தண்ணீரில் கார்பனோடு கலக்கி, அமோனியா ஊற்றினால் மேக்னடைட் நானோ துகள்கள் கார்பன் மேலேயே படியும். கல்லூரி லேபிலேயே செய்துவிடலாம். இங்கே கவனிக்க வேண்டியது எடைக் கணக்கு. மேக்னடைட்டின் அடர்த்தி 5.2, கார்பன் நானோ குழாய் சுமார் 2. பொடியில் பாதி எடை இரும்பு ஆக்ஸைடாக இருப்பது சாதாரணம். அதாவது நீங்கள் 1% போட்டால் உள்ளே போகும் கார்பன் 0.5%தான். மீதிக்குக் கார்பன் விலை கொடுத்து இரும்பு வாங்குகிறீர்கள்.

இன்னொன்று. நானோ குழாய்கள் பெரும்பாலும் இரும்பு, கோபால்ட், நிக்கல் வினையூக்கியின் மேல் வளர்க்கப்படுபவை. சரியாகக் கழுவாத சாதா குழாயிலேயே மிச்ச உலோகம் இருந்து, நல்ல நியோடிமியம் காந்தம் காட்டினால் நகரும். ஆக, காந்தத்துக்கு ஓடியது என்பதால் எந்தச் சிறப்பும் நிரூபணமாகிவிடவில்லை.

சரி, விஞ்ஞானிகள் எதற்காக இத்தனை மெனக்கெட்டு இரும்பைப் பூசுகிறார்கள்? முக்கியக் காரணம், வரிசைப்படுத்துவது. குழாயும் தகடும் கண்டபடி கிடந்தால் அவற்றின் பலத்தில் சிறு பங்குதான் பிளாஸ்டிக்குக்குக் கிடைக்கும்; ஒரே திசையில் படுத்தால் அந்தத் திசையில் அதிகம் கிடைக்கும். வெறும் நானோ குழாயைக் காந்தத்தால் திருப்ப 10 டெஸ்லா, அதற்கும் மேல் என்று பெரிய ஆய்வகக் காந்தங்கள் வேண்டும். இரும்பு ஆக்ஸைடு பூசிவிட்டால் அரை டெஸ்லாவுக்கும் குறைவாகவே திரும்பிவிடும், எஸ்.பி. ரோட்டில் வாங்குகிற நியோடிமியம் காந்தமே போதும். கார்பன் இல்லாமல், சில மைக்ரான் அளவு அலுமினாத் தகடுகளில் சூரிச் ஆய்வாளர்கள் இதே உத்தியைச் செய்து 2012-இல் வெளியிட்டார்கள். அங்கே சில மில்லிடெஸ்லாவே போதுமானதாக இருந்தது. அறிவியல் அழகானது, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தச் சோதனைகளில் துகள் எதற்குள் இருந்தது என்று பாருங்கள். எப்பாக்ஸி மாதிரித் தண்ணீர்ப் பதத்துக்குக் கொண்டுவரக்கூடிய பிசின், அல்லது கரைப்பானில் கரைத்த பாலிமர். சாதாரண எப்பாக்ஸியின் கெட்டித்தன்மை (பாகுத்தன்மை) அறை வெப்பத்தில் 10 பாஸ்கல்-செகண்டுக்குச் சற்று மேல் இருக்கும். லேசாகச் சூடாக்கினால் 1-க்குக் கீழே இறங்கிவிடும். இறுகுவதற்கும் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். துகள் நிதானமாகத் திரும்பிக்கொள்ள அவகாசம் உண்டு. உங்கள் உருகிய நைலானோ நூறு, இருநூறு பாஸ்கல்-செகண்ட் என்று இருக்கிறது, கண்ணாடி இழையோடு சேர்த்தால் இன்னும் கெட்டி. அச்சுக்குள் பாய்ந்ததும் சுவரை ஒட்டிய தோல் ஒரு செகண்டுக்குள் உறைகிறது. அந்த நேரத்தில் துகளைத் திருப்புவது பாய்ச்சலின் இழுவை மட்டும்தான். காந்தம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

வேடிக்கை பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. உங்கள் மோல்டு எஃகு. வெளியே காந்தம் வைத்தால் காந்தக் கோடுகள் எஃகு வழியாகவே சுற்றிப் போய்விடும், பாகம் உருவாகும் குழிக்குள் (கேவிட்டி) எட்டிக்கூடப் பார்க்காது. மோல்டில் குழி தோண்டிக் காந்தத்தைப் பதித்தாலோ, நைலானுக்கு மோல்டை 80, 90 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். சாதா ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியிலேயே சக்தி இழக்கத் தொடங்கும். இதை மீறியும் செய்ய வழி இருக்கிறது, ஆனால் அது ஸ்கூட்டர் மூடி விலையில் நடக்கிற காரியமில்லை.

இப்போது ‘இரண்டு மடங்கு பலம்’ என்பதற்கு வருவோம். இதற்குச் சோதனைக்கூடம்கூட வேண்டாம், ஒரு காகிதமும் பேனாவும் போதும். அவர் பலம் என்பதை விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, என்று எடுத்துக்கொள்வோம். நல்ல நானோ குழாயின் விறைப்பு சுமார் 1000 ஜிகாபாஸ்கல். நீங்கள் போடும் 0.5% எடைக் கார்பன், கன அளவில் சுமார் 0.3%. கண்டபடி கிடக்கும் இழைகளில் ஐந்தில் ஒரு பங்குதான் உதவும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பெருக்கினால் 0.6 ஜிகாபாஸ்கல். உங்கள் 30% கண்ணாடி நைலான் காய்ந்த நிலையில் ஏற்கெனவே சுமார் 9 ஜிகாபாஸ்கல். ஆக, எல்லாம் கச்சிதமாக நடந்தால் 9 என்பது 9.6 ஆகும். நிஜத்தில் குழாய்கள் நெளிந்திருக்கும், முடிச்சுமுடிச்சாக இருக்கும், ஸ்க்ரூவில் உடைந்து குட்டையாகியிருக்கும், அந்த 0.6-இல் பாதி வந்தாலே நல்ல கலப்பு என்பேன். கண்ணாடி இழையை 30-இலிருந்து 33% ஆக்கினால் இதைவிட அதிகம் கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வியாபாரி காட்டும் தாளில் விறைப்பு நிஜமாகவே இரண்டு மடங்காக இருக்கலாம். சோதனைத் துண்டு காய்ந்ததா, ஈரம் குடித்ததா என்று கேளுங்கள். கண்ணாடி சேராத நைலான் 6, மோல்டிலிருந்து வந்தவுடன் சுமார் 3 ஜிகாபாஸ்கல் காட்டும். சாதாரணக் காற்றில் ஈரம் குடித்து நிதானப்பட்டபின் 1 பக்கம் வந்துவிடும். ஒரு துண்டைப் பழையதாகவும் இன்னொன்றை மோல்டிலிருந்து வந்த புதிதிலும் அளந்தால் நானோ இல்லாமலே மூன்று மடங்கு காட்டலாம். இதை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்லவில்லை, தெரியாமலும் நடக்கிறது. ‘எந்த நைலானோடு ஒப்பிட்டது’ என்பதும் அதே அளவு முக்கியம். வெறும் நைலானில் வந்த முன்னேற்றத்தைக் கண்ணாடி நைலானுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

இரைச்சல் விஷயம் கொஞ்சம் நுட்பமானது, இங்கே வியாபாரி சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. கடத்தும் கார்பன் அலையைத் திருப்பி அனுப்பும். காந்தத் துகள் அலையை உள்வாங்கிச் சூடாக்கித் தீர்க்கும். இரண்டும் சேர்ந்தால் திருப்புவதைக் குறைத்து உள்வாங்குவதைக் கூட்டலாம். இதில் நல்ல வேலைகள் நிறைய வந்திருக்கின்றன, நம்ம ஊர் இந்திய அறிவியல் கழகத்தின் பொருளியல் துறையிலிருந்தும் வந்திருக்கின்றன. ஆனால் இவ்வகைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அளப்பது 8.2 முதல் 12.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை. காரணம் எளிது: அந்த அலைவரிசைக்கான அலைக்குழாயில் 22.86-க்கு 10.16 மில்லிமீட்டர் துண்டு ஒன்று இருந்தால் போதும், கொஞ்சம் பொடியிலேயே சோதனை முடிந்துவிடும். உங்கள் கண்ட்ரோலரின் சுவிட்சிங்கோ 10, 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் நடக்கிறது, அதன் மடங்கு அலைவரிசைகள் (ஹார்மோனிக்ஸ்) பல மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும். வண்டி பாகங்களுக்கான சிஸ்பர் 25 தரநிலை 150 கிலோஹெர்ட்ஸிலேயே அளக்கத் தொடங்குகிறது. கீழ்க்கோடியில் காந்தப் புலத்தைத் தடுக்கக் கனமான எஃகோ, அதிகக் காந்த ஊடுருவல் உள்ள உலோகமோ வேண்டும். பிளாஸ்டிக்கில் 1% மேக்னடைட் கலந்தால் அதன் காந்த ஊடுருவல் காற்றைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக்கூட மாறாது. ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் போனாலும் மேக்னடைட்டின் காந்தக் குணம் மங்கிக்கொண்டே போகும். கட்டுரைகளில் காந்தத்தின் பெயரில் எழுதப்படும் லாபத்தில் எவ்வளவு காந்தத்தால், எவ்வளவு கார்பன் வலை நன்றாக அமைந்ததால் என்பது துறைக்குள்ளேயே இன்னும் சண்டையாக இருக்கிற விஷயம்.

டெசிபல் கணக்கையும் ஒரு கண் பாருங்கள். 20 டெசிபல் என்றால் 99% சக்தி தடுக்கப்பட்டது, 30 என்றால் 99.9%. ‘99% தடுக்கும்’ என்று விளம்பரத்தில் படிக்கும்போது பிரமாதமாக இருக்கும், ஆனால் நல்ல செம்புப் பெயின்ட் 50 டெசிபலுக்கு மேல் தருகிறது. 2 மில்லிமீட்டர் சுவரில் 3, 4% நானோ குழாய் போட்டு 20-ஐத் தொடுவதே நல்ல வேலை. அப்புறம், பெயின்ட் அடித்த மூடி கண்ட்ரோலர் பெட்டியின் அலுமினிய அடிப்பாகத்தை நேரடியாகத் தொடுகிறது. நிரப்பி கலந்த மூடியில் தோல் முழுக்கப் பிசின்தான், குழாய்கள் அதற்குக் கீழே இருக்கும். ஆக இணைப்பு விளிம்பில் மின்தொடர்பு கிடைக்காது, இரைச்சல் அந்த இடுக்கு வழியாகவே வெளியே போகும். மூடி முழுக்கச் சோதனையில் தேறினாலும் பெட்டி தேறாமல் போவது இப்படித்தான். தோல் பிரச்சினையைக் கொஞ்சம் குறைக்கலாம்: உருகு வெப்பத்தை ஏற்றி, ஊசி வேகத்தைக் குறைத்தால் மேற்பரப்புத் தடை இறங்கும். ஆனால் சைக்கிள் நேரம் கூடும், அது உங்கள் கையைக் கடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கார்பன் வலை அமைந்துவிட்டால் மூடி இனி மின்தடுப்பான் இல்லை. 48 வோல்ட்டோ 72 வோல்ட்டோ உள்ள டெர்மினல் அந்த மூடியில் திருகப்பட்டிருந்தாலோ, தொட்டுக்கொண்டிருந்தாலோ கசிவு வரும். பெயின்ட் என்றால் அந்த இடத்தை மறைத்துவிட்டு அடிக்கலாம். பிளாஸ்டிக்குக்குள்ளேயே கலந்ததை எந்த இடத்தில் மறைப்பது? டிராயிங்கை எடுத்து, மின்சாரம் உள்ள பாகம் எதுவும் மூடியைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொடுகிறது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

மெஷினில் ஓட்டுவது பற்றி. உங்கள் ஹாப்பரில் காந்தக் கம்பி வைத்திருப்பீர்கள், இரும்புத் துணுக்கு ஸ்க்ரூவுக்குப் போகாமல் இருக்க. இந்தப் பொடியைக் கொண்டு செய்த மாஸ்டர்பேட்ச் குருணை (பொடியை அதிக அளவில் முன்கூட்டியே கலந்த பிளாஸ்டிக்) அந்தக் கம்பியிலேயே கொத்துக்கொத்தாக ஒட்டும். கீழே போகும் கலவையில் சதவீதம் குறைந்துகொண்டே வரும், திடீரென்று ஒரு கொத்து விழும்போது கூடும். கம்பியை எடுத்துவிடலாம் என்றால் ஸ்க்ரூவுக்குக் காவல் போய்விடும். மாஸ்டர்பேட்சை ஹாப்பருக்குக் கீழே தனி டோசிங் ஃபீடர் வழியாக விடுவதுதான் ஒரே நல்ல வழி. பொடியைச் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் குளோரைடு மிச்சம் இருக்கும். பேரல், ஸ்க்ரூ, மோல்டு மூன்றையும் அரிக்கும். பொடி ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், ஈரத்தோடு உருகிய நைலானில் சங்கிலி அறுந்து பலம் குறையும். நாளைக்கு இதே பொடியைப் பாலிப்ரொப்பிலீனில் போடலாம் என்று தோன்றினால், இரும்பு அயனி அதன் ஆக்சிஜனேற்றத்தை வேகப்படுத்தும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் வெறும் பொடியாக வாங்கி உங்கள் பட்டறையில் கொட்டிக் கலக்காதீர்கள். அமெரிக்காவின் நியாஷ் என்ற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2013-இல் நானோ குழாய்க்குப் பரிந்துரைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். திறந்த டிரம்மில் பொடி கொட்டும் இடத்தில் இதைக் காப்பாற்றுவது நடக்காத காரியம். நீளமான, விறைப்பான ஒரு வகைக் குழாயைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. எல்லாக் குழாயும் அப்படி என்று அர்த்தமில்லை, ஆனால் உங்களிடம் வரும் பாட்டிலில் எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆபரேட்டர் பையன் முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு பொடி அள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காந்தக் கார்பன் எங்குமே உதவாது என்று நினைத்துவிடாதீர்கள். எப்பாக்ஸி வார்ப்பு, பிசின் ஒட்டு, மெல்லிய ஃபிலிம் இவற்றில் வரிசைப்படுத்தி வெப்பத்தை ஒரு திசையில் கடத்தலாம். மாறும் காந்தப் புலத்தில் துகள் சூடாகும் என்பதால், ஒட்டை மட்டும் உள்ளிருந்தே சூடாக்கி இறுக வைக்கவும், பின்னால் கழற்றவும் முடியும். கூட்டுப்பொருள் பாகங்களைப் பற்றவைக்கவும் முடியும். ரேடார் அலை உறிஞ்சும் பூச்சு இன்னொரு இடம். உணவு ஆலைகளில் உடைந்து விழுந்தால் மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிக்கிற பிளாஸ்டிக் உண்டு, ஆனால் அதற்கு நானோவும் வேண்டாம், கார்பனும் வேண்டாம். சாதா மைக்ரான் அளவு மேக்னடைட் போதும்.

உங்கள் மூடிக்கு நான் பரிந்துரைப்பது பழைய சரக்குதான். நிக்கல் பூசிய கார்பன் இழை, அல்லது எவர்சில்வர் இழை கலந்த நைலான். நிக்கலும் காந்தத்தில் ஒட்டுகிற உலோகம்தான், அந்த வகையில் இதுவும் காந்தக் கார்பன் நிரப்பியே. 7 மைக்ரான் இழைமேல் கால் மைக்ரான் அளவு நிக்கல். நானோ இல்லை என்பதால் யாரும் பாட்டிலில் போட்டு வித்தை காட்டுவதில்லை. எவர்சில்வர் இழை 5 முதல் 10% எடை போட்டால் 30 டெசிபலைத் தாண்டலாம். இழை நீளமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும் என்பதால் பேக் பிரஷரை நன்றாகக் குறைக்க வேண்டும், கேட் (உருகு அச்சுக்குள் நுழையும் வாய்) பெரிதாக இருக்க வேண்டும், உங்கள் மோல்டில் அதற்காகக் கொஞ்சம் அறுக்க வேண்டி வரலாம். ஹாப்பர் காந்தம், விளிம்பு இடுக்கு, டெர்மினல் பிரச்சினை எல்லாம் இதிலும் அப்படியே உண்டு. விளிம்பில் ஒரு கடத்தும் காஸ்கெட் வைத்து, பெயின்ட் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயின்டே மலிவு என்று கணக்கு வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வியாபாரியிடம் 5 கிராம் கேளுங்கள், இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு சிட்டிகை போட்டு, கண்ணாடி கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, பக்கத்தில் காந்தத்தை வையுங்கள். இரும்பு ஆக்ஸைடு கார்பன் மேல் நிஜமாகவே பிடித்திருந்தால் எல்லாம் காந்தப் பக்கம் போய், திரவம் கிட்டத்தட்டத் தெளியும். ஒரு கொத்து காந்தத்துக்குப் போய்விட்டு, மீதித் திரவம் மை மாதிரிக் கறுப்பாகவே நின்றால், அது கார்பன் பிளாக்கும் இரும்பு ஆக்ஸைடு நிறமியும் வெறுமனே கலந்த கலவை. சிமென்ட் டைலுக்குப் போடுகிற கறுப்பு நிறமியும் மேக்னடைட்தான், விலை மலிவு, அதுவும் பாட்டிலில் அழகாக ஓடும். இரண்டு: மூடியில்லாத பீங்கான் குரூசிபிளில் 1 கிராம் எடுத்து, மஃபில் உலையில் 800 டிகிரியில் கார்பன் முழுக்க எரியும்வரை வைத்து, மிஞ்சும் செம்பழுப்புச் சாம்பலை நிறுங்கள். அரை கிராம் வந்தால் சுமார் பாதி இரும்பு ஆக்ஸைடு. உலை இல்லையென்றால் சிப்பெட் மாதிரிச் சோதனைக்கூடத்தில் கட்டணம் கட்டி டிஜிஏ (சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் சோதனை) எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் எடையைக் கையில் வைத்துக்கொண்டு, கார்பனுக்கு மட்டும் விலை போட்டு அவரிடம் பேசுங்கள். அதற்கு முன் பணம் கொடுக்க வேண்டாம்.